மேக்ரோ வழியாக விரிதாள் கடவுச்சொற்களைக் கையாளுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்செல் கோப்புகளில் தாள்களைப் பூட்டுவது, திறப்பது, கடவுச்சொல்லை மாற்றுவது ஆகிய வேலைகளை மேக்ரோவிடம் (வேலைகளைத் தானாகச் செய்து முடிக்கும் சிறு நிரலிடம்) ஒப்படைக்க விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. எக்செல்லில் மேக்ரோ எழுதப் பயன்படும் விபிஏ மொழியின் கட்டளைப் பெயர்கள் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்துத் தரப்பட்டுள்ளன. விபிஏ எடிட்டரில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும். பண்பு, மெத்தட் ஆகியவற்றின் பெயர்களில் இடைவெளி விடக் கூடாது; நிகழ்வுப் பெயர்களில் இடைவெளிக்குப் பதில் அடிக்கோடு வரும்; "ஃபார் ஈச்", "ஆன் எரர்", "எக்ஸிட் சப்" போன்ற மொழிக் கட்டளைகளில் இடைவெளி தேவை.

எக்செல் கோப்பில் கடவுச்சொல் என்பது ஒன்றுதானா?

ஐந்து உண்டு, இவற்றை ஒன்றென எண்ணிக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு மூலம். கோப்பைத் திறப்பதற்கே கேட்கப்படும் கடவுச்சொல் முதலாவது. திறந்த கோப்பில் மாற்றம் செய்து அதே பெயரில் சேமிப்பதற்குக் கேட்கப்படுவது இரண்டாவது. தாள்களைச் சேர்ப்பது, நீக்குவது, பெயர் மாற்றுவது, மறைப்பது போன்றவற்றைத் தடுக்கும் கட்டமைப்புப் பூட்டு மூன்றாவது. ஒரு தாளுக்குள் இருக்கும் செல்களைக் காக்கும் தாள் பூட்டு நான்காவது. மேக்ரோவின் நிரலைப் பிறர் பார்க்காமல் மறைக்கும் விபிஏ புராஜெக்ட் பூட்டு ஐந்தாவது.

இவற்றுள் முதலாவது மட்டுமே கோப்பின் உள்ளடக்கத்தை மறையாக்கம் செய்கிறது, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுகிறது. ஏனைய நான்கிலும் தரவு உள்ளபடியே கோப்பில் கிடக்கிறது. எக்செல் என்னும் மென்பொருள்தான் "இதைத் தொடாதே" என்று பயனரைத் தடுக்கிறது. தாள் பூட்டு ஒரு பாதுகாப்பு ஏற்பாடாக வடிவமைக்கப்பட்டது அன்று என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே தன் உதவிப் பக்கங்களில் கூறுகிறது. ஆகவே தாள் பூட்டைத் தவறுதலாகப் படும் கையைத் தடுக்கும் ஏற்பாடாகக் கொள்ள வேண்டுமே தவிர, இரகசியம் காக்கும் பெட்டகமாகக் கொள்ளக் கூடாது. கீழே வரும் விடைகள் யாவும் இந்த அடிப்படையிலேயே எழுதப்பட்டுள்ளன.

கையாலேயே பூட்டலாமே, மேக்ரோ எதற்கு?

ஒன்றிரண்டு தாள்கள் மட்டும் இருந்து, அவற்றில் மேக்ரோ எதுவும் எழுதப்போவதில்லை என்றால் கையால் பூட்டுவதே போதும். பல தாள்களை ஒருசேரத் தேர்ந்தெடுத்தால் எக்செல்லின் தாள் பூட்டுக் கட்டளை செயலிழந்துவிடும் என்பதால், மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தாள்கள் கொண்ட கோப்பில் ஒவ்வொரு தாளுக்கும் கடவுச்சொல்லை இரண்டு முறை தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அவற்றுள் ஒன்றில் ஓர் எழுத்து பிசகினாலும் அந்தத் தாள் மட்டும் பிறகு திறக்காது. மேக்ரோ எல்லாத் தாள்களுக்கும் ஒரே கடவுச்சொல்லை, ஒரே அனுமதிகளுடன் இடுகிறது. இரண்டாவது தேவை இன்னும் முக்கியமானது: பூட்டிய தாளில் தேதி இடுவது, வரிசை சேர்ப்பது போன்ற வேலைகளை ஒரு மேக்ரோ செய்ய வேண்டுமானால், பூட்டைக் கையாளும் பொறுப்பும் அதே மேக்ரோவைச் சேர்ந்ததாகிவிடுகிறது.

மேக்ரோவை எங்கே எழுதிச் சேமிக்க வேண்டும்?

ஆல்ட், எஃப்11 ஆகிய விசைகளை ஒன்றாக அழுத்தினால் விபிஏ எடிட்டர் திறக்கும். பொதுவான மேக்ரோக்களை ஒரு புதிய மாட்யூலிலும், கோப்பு திறக்கும்போது தானாக ஓட வேண்டியவற்றை "திஸ் ஒர்க்புக்" என்னும் பகுதியிலும் எழுத வேண்டும். கோப்பை எக்ஸ்எல்எஸ்எம் அல்லது எக்ஸ்எல்எஸ்பி வடிவில் சேமிக்க வேண்டும். வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவில் மேக்ரோ தங்காது.

எல்லாத் தாள்களையும் ஒரே சொடுக்கில் பூட்டுவது எப்படி?

"ஃபார் ஈச்" சுழற்சியால் "ஒர்க்‌ஷீட்ஸ்" தொகுப்பின் ஒவ்வொரு தாளையும் எடுத்து, அதன்மீது "புரொடெக்ட்" என்னும் மெத்தடை (செயல் கட்டளையை) கடவுச்சொல்லுடன் அழைத்தால் போதும். திறப்பதற்கு அதே சுழற்சியில் "அன்புரொடெக்ட்" மெத்தடை அழைக்க வேண்டும். வரைபடம் மட்டுமே கொண்ட தனித்தாள்கள் இந்தத் தொகுப்பில் அடங்காது. அவற்றையும் பூட்ட வேண்டுமானால் "சார்ட்ஸ்" தொகுப்புக்குத் தனிச் சுழற்சி எழுத வேண்டும்.

ஒரு தாள் ஏற்கெனவே பூட்டப்பட்டிருக்கிறதா என்பதை "புரொடெக்ட் கன்டென்ட்ஸ்" என்னும் பண்பு சொல்லிவிடும். பூட்டாத தாளின்மீது "அன்புரொடெக்ட்" அழைத்தாலும் பிழை ஏதும் எழாது. தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தால் 1004 என்னும் எண்ணுடன் பிழை எழும். கடவுச்சொல்லையே கொடுக்காமல் அழைத்தால் எக்செல் தன் சொந்தப் பெட்டியைத் திறந்து பயனரிடம் கேட்கும். பயனர் அதை இரத்து செய்துவிடலாம் என்பதால், அடுத்த வரிக்குப் போகும் முன் "புரொடெக்ட் கன்டென்ட்ஸ்" பண்பை மீண்டும் ஒருமுறை சோதிப்பது நல்லது. கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும்.

தாள்கள் மிகுதியாக இருந்தால், 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இந்தச் சுழற்சி மெதுவாக ஓடுவதைக் காணலாம். அந்தப் பதிப்பிலிருந்து தாள் கடவுச்சொல் எஸ்எச்ஏ-512 என்னும் முறைப்படி 1,00,000 சுற்றுகள் கணக்கிடப்பட்டே சேமிக்கப்படுகிறது. அந்தக் கணக்கு ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே நடப்பதுதான் தாமதத்துக்குக் காரணம். நிரலில் குறை இல்லை.

பூட்டியதும் எந்தச் செல்லிலும் எழுத முடியவில்லையே?

எக்செல்லில் ஒவ்வொரு செல்லும் பிறக்கும்போதே "லாக்டு" என்னும் பண்பு இயக்கப்பட்ட நிலையில்தான் இருக்கும். தாள் பூட்டப்படும் வரை அந்தப் பண்புக்கு எந்த விளைவும் இல்லாததால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. எனவே பூட்டும் முன், பயனர் நிரப்ப வேண்டிய செல்களுக்கு மட்டும் அந்தப் பண்பை நீக்கிவிட வேண்டும்.

சூத்திரங்களை மட்டும் காத்தால் போதும் என்றால் மேக்ரோவில் இதை மூன்று வரிகளில் முடித்துவிடலாம். முதலில் தாளின் எல்லாச் செல்களுக்கும் "லாக்டு" பண்பை நீக்குக; அடுத்து "ஸ்பெஷல் செல்ஸ்" மெத்தடால் சூத்திரம் உள்ள செல்களை மட்டும் பிரித்தெடுத்து அவற்றுக்கு அந்தப் பண்பை மீண்டும் இடுக; பிறகு தாளைப் பூட்டுக. இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. தாளில் ஒரு சூத்திரம்கூட இல்லையென்றால் "ஸ்பெஷல் செல்ஸ்" பிழை எழுப்பும். இணைக்கப்பட்ட செல்களில் ஒரு பகுதிக்கு மட்டும் பண்பை மாற்ற முயன்றாலும் பிழை எழும். அங்கே "மெர்ஜ் ஏரியா" என்று முழுப் பரப்பையும் குறிப்பிட வேண்டும். சூத்திரம் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்றால் "ஃபார்முலா ஹிட்டன்" என்னும் பண்பையும் சேர்க்கலாம்.

மேக்ரோ பூட்டிய பிறகு வடிகட்டியும் வரிசைப்படுத்தலும் வேலை செய்யவில்லை. முன்பு வேலை செய்தனவே?

"புரொடெக்ட்" மெத்தட் கடவுச்சொல்லோடு சேர்த்துப் பதினாறு மதிப்புகளை ஏற்கிறது. செல் வடிவமைப்பு, வரிசை சேர்த்தல், நெடுவரிசை நீக்கல், வரிசைப்படுத்தல், வடிகட்டல், பிவட் அட்டவணை (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணை) ஆகியவற்றுக்கான அனுமதிகள் யாவும் அவற்றுள் அடங்கும். நீங்கள் சொல்லாமல் விட்ட அனுமதிகளை எக்செல் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளும். கையால் பூட்டியபோது நீங்கள் வடிகட்டியை அனுமதித்திருக்கலாம். மேக்ரோ ஒருமுறை திறந்து வெறும் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்துப் பூட்டியதும் அந்த அனுமதி போய்விடுகிறது. தாளின் "புரொடெக்ஷன்" என்னும் ஆப்ஜெக்ட் நடப்பில் உள்ள அனுமதிகளைச் சொல்லும் என்பதால், திறக்கும் முன்பே அவற்றைப் படித்து மாறிகளில் வைத்துக்கொண்டு, பூட்டும்போது அவற்றையே திருப்பிக் கொடுப்பதுதான் முறையான வழி.

அனுமதி கொடுத்தும் சில வேளை பயன் இருக்காது. வடிகட்டலுக்கான அனுமதி, பூட்டும் முன்பே இயக்கிவைத்த வடிகட்டியைப் பயன்படுத்துவதற்கு மட்டுமே. பூட்டிய பின் பயனரால் புதிதாக ஒன்றை இயக்கவோ இருப்பதை அகற்றவோ முடியாது. வரிசைப்படுத்தலோ, அதன் எல்லைக்குள் பூட்டிய செல் ஒன்று இருந்தாலும் நடக்காது. சூத்திரத்தைப் பூட்டிவைத்த அட்டவணையைப் பயனர் வரிசைப்படுத்த வேண்டும் என்றால், அதற்கென ஒரு பொத்தானை வைத்து மேக்ரோவைக்கொண்டு செய்விப்பதே நடைமுறையில் கைகொடுக்கும்.

பூட்டிய தாளில் மேக்ரோ எழுத முயன்றால் 1004 பிழை வருகிறது. என்ன செய்யலாம்?

பூட்டு மனிதரையும் மேக்ரோவையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை; இருவரையும் தடுக்கும். இதைக் கடக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, மேக்ரோவின் தொடக்கத்தில் பூட்டைத் திறந்து, வேலையை முடித்து, இறுதியில் மீண்டும் பூட்டுவது. எளியது, எங்கும் செல்லுபடியாவது, யார் படித்தாலும் புரிவது. பூட்டையும் திறப்பையும் ஒவ்வொரு மேக்ரோவிலும் தனித்தனியே எழுதாமல், அவற்றுக்கென இரண்டு சிறு செயல்முறைகளை ஓரிடத்தில் எழுதி, மற்ற மேக்ரோக்கள் அவற்றை அழைக்கும்படி வைத்துக்கொண்டால், பிற்பாடு கடவுச்சொல்லையோ அனுமதியையோ மாற்ற நேர்ந்தால் ஓரிடத்தில் மாற்றினால் போதும்.

இரண்டாவது வழி, பூட்டும்போது "யூசர் இன்டர்ஃபேஸ் ஒன்லி" என்னும் மதிப்பை இயக்கிவிடுவது. அப்போது பூட்டு பயனருக்கு மட்டும் பொருந்தும். மேக்ரோ தடையின்றி எழுதலாம். ஆனால் இந்த நிலை கோப்புடன் சேமிக்கப்படுவதில்லை. கோப்பை மூடித் திறந்ததும் பூட்டு முழுமையானதாக மாறிவிடும்; நேற்று ஓடிய மேக்ரோ இன்று பிழை காட்டும். ஆகவே "ஒர்க்புக் ஓப்பன்" நிகழ்வில், கோப்பு திறக்கும் ஒவ்வொரு முறையும் இந்த மதிப்புடன் மறுபடி பூட்டும் வரியை எழுதிவைக்க வேண்டும். பூட்டிய தாளில் குழுவாக்கிய வரிசைகளை விரிக்கவும் சுருக்கவும் உதவும் "எனேபிள் அவுட்லைனிங்" பண்பும், எந்தச் செல்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் "எனேபிள் செலெக்ஷன்" பண்பும் இதே வகையைச் சேர்ந்தவை. அவற்றையும் அதே நிகழ்வில் எழுத வேண்டும்.

இவ்விரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், தாளில் அடிக்கடி, சிறிது சிறிதாக எழுதும் மேக்ரோக்களுக்கு இரண்டாவதையும், எப்போதாவது ஓடிப் பெரிய மாற்றம் செய்பவற்றுக்கு முதலாவதையும் பரிந்துரைப்பேன். வெளித்தரவைப் புதுப்பித்தல், பிவட் அட்டவணையைப் புதுப்பித்தல் போன்ற சில செயல்களை இரண்டாவது வழி அனுமதிப்பதில்லை. அங்கே திறந்துதான் ஆக வேண்டும்.

மேக்ரோ பாதியில் நின்றுவிட்டால் தாள் திறந்தே கிடக்குமே?

கிடக்கும். திறந்து மூடும் வழியின் பெரிய பலவீனம் அதுதான். இதற்காகவே தொடக்கத்தில் "ஆன் எரர் கோ டு" என்று எழுதி, பிழை நேர்ந்தாலும் நேராவிட்டாலும் கட்டுப்பாடு ஒரே வெளியேறும் பகுதிக்கு வந்து, அங்கே பூட்டும் வரி ஓடும்படி அமைக்க வேண்டும். பிழையின் எண்ணையும் விவரத்தையும் பூட்டும் முன்பே மாறிகளில் எடுத்துக்கொண்டு, பூட்டிய பிறகு பயனருக்குக் காட்டலாம். மேக்ரோவின் நடுவே "எக்ஸிட் சப்" என்று வெளியேறும் பழக்கம் உள்ளவர்கள் அவ்வரிகளை ஒவ்வொன்றாகத் தேடி, வெளியேறும் பகுதிக்குத் திருப்பிவிட வேண்டும். பிழையே நேராமல் தாள் திறந்துகிடப்பதற்குப் பெரும்பாலும் அவையே காரணம்.

"ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்" என்று எழுதிப் பிழைகளை விழுங்கிவிடுவது தீர்வாகாது. பூட்டைத் திறக்கத் தவறிய மேக்ரோ, ஒன்றும் எழுதாமலே எல்லாம் முடிந்ததாகக் காட்டிக்கொள்ளும்.

மேக்ரோக்களில் "ஆக்டிவ் ஷீட்" (அப்போது திரையில் உள்ள தாள்) என்று எழுதுவதையும் தவிர்க்க வேண்டும். இடையில் வேறு தாள் முன்னே வந்துவிட்டால், திறந்தது ஒன்றும் பூட்டியது மற்றொன்றுமாக முடியும். தாளின் தாவல் பெயரைப் பயனர் மாற்றினாலும் மாறாத "கோட் நேம்" வழியாகத் தாளைக் குறிப்பிடுவது உறுதியானது.

பூட்டாத செல்லில் நகலெடுத்து ஒட்டியதும் அந்தச் செல்லே பூட்டிக்கொள்கிறது. ஏன்?

"லாக்டு" என்பதும் செல்லின் வடிவமைப்பைச் சேர்ந்ததே. பூட்டிய பண்புள்ள செல்லை எக்செல்லிலிருந்து நகலெடுத்துச் சாதாரணமாக ஒட்டும்போது, நிறமும் எழுத்துருவும் வருவதுபோல அந்தப் பண்பும் கூடவே வந்துவிடுகிறது. பயனர்களிடம் மதிப்பை மட்டும் ஒட்டும்படி சொல்லலாம். ஆனால் சொன்னபடி எல்லோரும் செய்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. உள்ளீட்டுப் பரப்புக்கு ஒரு பெயர் சூட்டி, "ஒர்க்‌ஷீட் சேஞ்ச்" நிகழ்வில் மாற்றம் அந்தப் பரப்புக்குள் நிகழ்ந்தால் "லாக்டு" பண்பை மறுபடி நீக்கும்படி எழுதுவது நம்பகமான வழி. ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளவும்: மேக்ரோ தாளை மாற்றியதும், பயனர் அதுவரை செய்தவற்றைப் பின்வாங்கும் வசதி அழிந்துவிடும்.

இதைப் போலவே, ஒவ்வொரு செல் தேர்வின்போதும் தாளைத் திறந்து மூடும் மேக்ரோக்களும் தொல்லை தரும். பூட்டும் செயல் நகலெடுத்து வைத்ததை இரத்து செய்துவிடுவதால், பயனர் நகலெடுத்துவிட்டு ஒட்ட வேண்டிய செல்லைத் தொடும்போது ஒட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.

டேபிளும் பிவட் அட்டவணையும் பூட்டிய தாளில் ஒழுங்காக இயங்கவில்லையே?

எக்செல்லின் டேபிள், அதன் கீழுள்ள வரிசை பூட்டப்படாததாக இருந்தாலும், பூட்டிய தாளில் தானாக நீளாது. வரிசை சேர்க்க ஒரு பொத்தானும், திறந்து சேர்த்துப் பூட்டும் ஒரு மேக்ரோவும் தேவை. பிவட் அட்டவணைகளில் இன்னொரு நுட்பம் உண்டு: ஒரே தரவுச் சேமிப்பைப் பகிரும் பிவட் அட்டவணைகள் பல தாள்களில் இருந்தால், அவற்றுள் ஒரு தாள் பூட்டியிருந்தாலும் புதுப்பித்தல் தோல்வியடையும், ஆகவே எல்லாவற்றையும் திறந்தாக வேண்டும். வெளித்தரவு பின்னணியில் புதுப்பிக்கப்படும்படி அமைந்திருந்தால், புதுப்பித்தல் முடியும் முன்பே மேக்ரோ அடுத்த வரிக்குப் போய்த் தாளைப் பூட்டிவிடும். "பேக்ரவுண்ட் குவெரி" பண்பை அணைத்துவிட்டால், புதுப்பித்தல் முடிந்த பிறகே பூட்டும் வரி ஓடும்.

கடவுச்சொல்லை மேக்ரோவுக்குள்ளேயே எழுதிவைக்கலாமா?

எழுதிவைப்பவர்களே மிகுதி, தாள் பூட்டு தவறுதலைத் தடுப்பதற்கு மட்டும் என்றால் அதில் பெரிய கேடு இல்லை. ஆனால் அது வீட்டைப் பூட்டிச் சாவியை நிலைமேல் வைத்துவிட்டுப் போவதற்கு ஒப்பானது என்பதை அறிந்தே செய்ய வேண்டும். விபிஏ எடிட்டரைத் திறக்கத் தெரிந்த எவரும் அதைப் படித்துவிடலாம். விபிஏ புராஜெக்டுக்குக் கடவுச்சொல் இட்டால் சாதாரணப் பயனரின் கண்ணிலிருந்து நிரல் மறையும். எனினும் அது நிரலை மறையாக்கம் செய்வதில்லை, கோப்பிலிருந்து நிரலைப் பிரித்துக் காட்டும் கருவிகளுக்கு அது ஒரு தடையும் அன்று. அந்தப் பூட்டை மேக்ரோவால் இடவும் வழியில்லை. எடிட்டரின் "டூல்ஸ்" பட்டியலில் புராஜெக்டின் பண்புகளைத் திறந்து, கையால்தான் இட வேண்டும்.

மறைத்த தாளின் ஒரு செல்லில் கடவுச்சொல்லை எழுதிவைப்பது இதைவிட மோசம். "வெரி ஹிட்டன்" நிலையில் வைத்த தாள் எக்செல்லின் பட்டியலில் தோன்றாது என்பது உண்மைதான்; ஆனால் வேறொரு கோப்பிலிருந்து அந்தச் செல்லைச் சுட்டி ஒரு சூத்திரம் எழுதினாலே மதிப்பு வந்துவிடும்.

கடவுச்சொல் தெரிந்தவரிடம் வேலையின்போது கேட்டுப் பெறுவதே தூய வழி. "இன்புட் பாக்ஸ்" தட்டச்சு செய்வதை அப்படியே திரையில் காட்டிவிடும் என்பதால், ஒரு யூசர் ஃபார்ம் (உள்ளீட்டுப் படிவம்) அமைத்து, அதிலுள்ள டெக்ஸ்ட் பாக்ஸின் "பாஸ்வேர்டு சார்" பண்பில் நட்சத்திரக் குறியை இட வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்பது எரிச்சலூட்டினால், ஒருமுறை பெற்ற மதிப்பைப் பொது மாறியில் வைத்துக்கொள்ளலாம்; கோப்பை மூடியதும் அது மறைந்துவிடும். தாள் பூட்டுக்கு வைக்கும் கடவுச்சொல்லை மின்னஞ்சலுக்கோ வங்கிக் கணக்குக்கோ பயன்படுத்தவே கூடாது.

தமிழ் எழுத்துகளில் கடவுச்சொல் வைக்கலாமா?

எக்செல்லின் பெட்டியில் ஏற்றுக்கொள்ளப்படலாம். மேக்ரோவோடு சேரும்போதுதான் சிக்கல். விபிஏ எடிட்டர் யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் வகையில் அமைக்கப்படவில்லை. தமிழில் தட்டச்சு செய்தால் வழக்கமாகக் கேள்விக்குறிகளே விழும். "சிஎச்ஆர்டபிள்யூ" என்னும் செயற்கூற்றால் ஒவ்வொரு எழுத்தின் குறியெண்ணையும் கொடுத்துச் சேர்க்கலாம் என்றாலும், பராமரிப்பது கடினம். மேலும் "கொ" போன்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும், ஒற்றைக் கொம்பும் காலும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் யூனிகோடில் எழுத முடியும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கடவுச்சொல்லாக இரண்டும் வேறு வேறு. எனவே கடவுச்சொல்லை ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைப்பதே பாதுகாப்பு.

தமிழ்ச் செய்திகளைக் காட்ட விரும்புவோர், செய்தியை ஒரு செல்லில் எழுதிவைத்து, அதை யூசர் ஃபார்மின் லேபிளுக்குக் கொடுத்தால் எழுத்துகள் சரியாகத் தெரியும். செய்திப் பெட்டியைக் காட்டும் "எம்எஸ்ஜி பாக்ஸ்" அதற்கு உதவாது.

கடவுச்சொல் மறந்துவிட்டது. மேக்ரோவால் கண்டுபிடிக்க முடியுமா?

எந்தக் கடவுச்சொல் என்பதைப் பொறுத்தது. 2010-ஆம் ஆண்டுப் பதிப்பு வரை தாள் கடவுச்சொல் 16 பிட் அளவே உள்ள ஒரு சுருக்க எண்ணாக (ஹாஷ்) சேமிக்கப்பட்டது. எண்ணற்ற கடவுச்சொற்கள் ஒரே சுருக்கத்தைத் தரும் என்பதால், உண்மையான சொல்லைக் கண்டுபிடிக்காமலே பொருந்தும் வேறொன்றைக் கண்டால் பூட்டு திறந்துவிடும். இரண்டே எழுத்துகளைப் பதினொரு இடங்களில் மாற்றி மாற்றி இட்டு, பன்னிரண்டாம் இடத்தில் 95 குறிகளையும் முயன்று பார்க்கும் ஒரு பழைய மேக்ரோ இணையமெங்கும் பரவியிருக்கிறது. அதன் முயற்சிகள் அதிகபட்சம் 1,94,560 மட்டுமே. 2013-ஆம் ஆண்டுப் பதிப்பிலோ அதற்குப் பிந்தையவற்றிலோ புதிய வடிவக் கோப்பை (எக்ஸ்எல்எஸ்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எம்) பூட்டியிருந்தால் அந்த மேக்ரோ பயன்படாது. ஒவ்வொரு முயற்சிக்கும் 1,00,000 சுற்றுகள் தேவைப்படுவதோடு, குறுக்கே பொருந்தும் சொல்லும் கிடைக்காது.

அப்படியானால் தாள் பூட்டு வலுப்பெற்றுவிட்டதா? இல்லை. புதிய வடிவக் கோப்பு, எக்ஸ்எம்எல் கோப்புகள் பலவற்றைக் கொண்ட ஒரு ஜிப் தொகுப்பே. பூட்டு அதில் ஒரு வரி. அந்த வரியை அகற்றிவிட்டால் கடவுச்சொல்லைக் கேட்க எதுவும் இல்லை. உங்கள் சொந்தக் கோப்பாகவோ, உரிமையாளர் ஒப்புதல் தந்த கோப்பாகவோ இருந்தால் மட்டுமே, அதுவும் ஒரு பிரதியின்மீது, இத்தகைய வழிகளை நாட வேண்டும்.

கோப்பைத் திறப்பதற்கான கடவுச்சொல் வேறு கதை. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் அதற்கு ஏஇஎஸ் மறையாக்கம் பயன்படுகிறது. நீளமான கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மேக்ரோவாலும் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத்தர முடியாது. காப்புப் பிரதி ஒன்றே வழி.

கோப்பைத் திறக்கும் கடவுச்சொல்லை மேக்ரோவால் இடவும் மாற்றவும் முடியுமா?

முடியும். கோப்பின் "பாஸ்வேர்டு" பண்பில் புதிய மதிப்பை இட்டுச் சேமித்தால் போதும். வெற்று மதிப்பை இட்டால் கடவுச்சொல் நீங்கிவிடும். பழைய கடவுச்சொல் தெரிந்தால், "ஒர்க்புக்ஸ்" தொகுப்பின் "ஓப்பன்" மெத்தடில் அதைக் கொடுத்து ஒரு கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, புதியதை இட்டு, சேமித்து மூடலாம். பணியாளர் ஒருவர் விலகும்போது நூற்றுக்கணக்கான கோப்புகளின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டியவர்களுக்கு மேக்ரோ தரும் மிகப் பெரிய பயன் இதுவே.

மேக்ரோ வழியாகத் திறக்கப்படும் கோப்புகளில் உள்ள மேக்ரோக்கள், இயல்பு நிலையில், எச்சரிக்கையின்றி ஓடும். ஆகவே சுழற்சியைத் தொடங்கும் முன் "ஆட்டோமேஷன் செக்யூரிட்டி" பண்பை மேக்ரோக்களை முடக்கும் நிலைக்கு மாற்றி, முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். முதலில் பிரதிகளின்மீது ஓட்டி, புதிய கடவுச்சொல்லால் அவை திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே மூலக் கோப்புகளைத் தொட வேண்டும். எழுத்துப்பிழையுடன் ஒரு கடவுச்சொல் நூறு கோப்புகளில் பதிந்துவிட்டால், அந்தப் பிழையையும் சேர்த்து நினைவில் வைத்திருந்தால்தான் மீள முடியும்.

வெவ்வேறு ஆட்களுக்கு வெவ்வேறு பகுதிகளைத் திறந்துவிட முடியுமா?

"அலவ் எடிட் ரேஞ்சஸ்" என்னும் தொகுப்பில் ஒவ்வொரு பரப்பையும் ஒரு தலைப்புடனும் தனிக் கடவுச்சொல்லுடனும் சேர்க்கலாம். தாள் பூட்டியிருக்கும்போது, பயனர் அந்தப் பரப்பில் எழுத முயன்றால் அதற்குரிய கடவுச்சொல் மட்டும் கேட்கப்படும்.

திறக்கும்போது பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, அவரவர்க்குரிய தாளை மட்டும் காட்டும் மேக்ரோக்களைப் பலர் விரும்பி எழுதுகிறார்கள். பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் ஊதியமோ மதிப்பெண்ணோ ஒருவருடையதை மற்றவர் பார்க்கக் கூடாது என்றால் அதை நம்பக் கூடாது. எல்லோருடைய தரவும் எல்லோருடைய கையிலும் உள்ள கோப்பிலேயே இருக்கிறது. அத்தகைய தரவைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் திறப்புக் கடவுச்சொல் இடும் மேக்ரோவை எழுதுவதே சரி.

என் கணினியில் ஓடும் மேக்ரோ மற்றவர் கணினியில் ஓடவில்லையே?

2022-ஆம் ஆண்டு முதல், இணையத்திலிருந்து வந்த கோப்புகளின் மேக்ரோக்களை ஆஃபிஸ் செயலிகள் இயல்பாகவே தடுக்கின்றன. மின்னஞ்சலில் அனுப்பிய கோப்பும் இதில் அடங்கும். பெறுபவர், அனுப்பியவரை நம்பினால், கோப்பின் பண்புகள் பெட்டியில் தடையை நீக்கலாம். நிறுவனங்களில் நம்பகமான கோப்புறை ஒன்றை வரையறுப்பதோ மேக்ரோவுக்கு எண்முறைக் கையொப்பம் இடுவதோ மேல்.

மேக்ரோ ஓடாத நிலையையும் எண்ணியே கோப்பை வடிவமைக்க வேண்டும். தாள்களைப் பூட்டிய நிலையிலேயே சேமித்திருந்தால், மேக்ரோ முடக்கப்பட்டாலும் பூட்டு நிற்கும். மாறாக, திறக்கும்போதுதான் மேக்ரோ பூட்டும் என்று விட்டுவைத்தால், மேக்ரோவை அனுமதிக்காத பயனருக்கு எல்லாம் திறந்தே கிடைக்கும்.

எக்செல் அல்லாத விரிதாள்களில் எப்படி?

லிப்ரே ஆஃபிஸ் கால்க்கில், அதன் பேசிக் மொழியில், தாளுக்கு "புரொடெக்ட்", "அன்புரொடெக்ட்" ஆகிய மெத்தடுகளும் பூட்டியிருப்பதைச் சொல்லும் "ஈஸ் புரொடெக்டட்" மெத்தடும் உண்டு. உலாவியில் இயங்கும் எக்செல்லில் விபிஏ மேக்ரோ ஓடாது. அங்கே ஆஃபிஸ் ஸ்கிரிப்ட்ஸ் வழியாகத் தாளைப் பூட்டலாம்.

கூகுள் ஷீட்ஸில் தாள் பூட்டுக்குக் கடவுச்சொல்லே கிடையாது. யார் திருத்தலாம் என்பது கணக்குகளின் அடிப்படையில் தீர்மானிக்கப்படுகிறது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழியாகப் பரப்பைப் பூட்டி, திருத்துவோர் பட்டியலைச் சேர்க்கவும் நீக்கவும் முடியும். இதுவும் இரகசியம் காக்கும் ஏற்பாடு அன்று; பூட்டிய விரிதாளைப் பிறர் நகலெடுக்கவும் ஏற்றுமதி செய்யவும் முடியும் என்று கூகுளும் தன் உதவிப் பக்கத்தில் தெரிவிக்கிறது. ஆயினும் பலர் சேர்ந்து ஒரே நேரத்தில் திருத்தும் கோப்புக்கு, கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொள்வதைவிடக் கணக்கு அடிப்படையிலான முறையே மேலானது என்பது என் கருத்து.

கோப்பை அனுப்பும் முன் எல்லாப் பூட்டுகளும் விழுந்துள்ளனவா என்று எப்படிச் சரிபார்ப்பது?

அதற்கும் ஒரு சிறு மேக்ரோ எழுதிவிடலாம். எல்லாத் தாள்களையும் சுற்றிவந்து, தாளின் பெயர், "புரொடெக்ட் கன்டென்ட்ஸ்" பண்பின் மதிப்பு, தாள் மறைந்திருக்கிறதா என்பது, சூத்திரம் இருந்தும் "லாக்டு" பண்பு இல்லாத செல்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு புதிய கோப்பில் வரிசையாக எழுதும்படி அமைத்தால் விடுபட்டவை உடனே தெரியும். கோப்பின் "புரொடெக்ட் ஸ்ட்ரக்சர்" பண்பையும் "ஹேஸ் பாஸ்வேர்டு" பண்பையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளலாம். பண்புகள் சொல்வது பூட்டு இருக்கிறது என்பதை மட்டுமே. கடவுச்சொல் சரிதானா என்பதை, பிரதி ஒன்றைத் திறந்து, கடவுச்சொல்லைக் கையால் தட்டச்சு செய்துதான் உறுதிப்படுத்த வேண்டும்.